சம்பளம் வாங்கிய சித்திரக்காரர்

நம் தொடர்கதைகளில் வருகிற ஓவியனை எல்லோருக்கும் தெரியும். தலைமயிரைக் கத்தரித்துக்கொள்ள மாட்டான். மாடியறை வாடகை மூன்று மாசமாகப் பாக்கி நிற்கும். இருமுவான். பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி தன்னை வரையச் சொல்லி எதிரே வந்து உட்காருவாள். பதினெட்டாவது அத்தியாயத்தில் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமாகும். அவன் கடைசிப் படத்தை முடித்துவிட்டு அதன் காலடியிலேயே சாய்ந்து பிராணனை விடுவான். அடுத்த வாரமே ஊரெல்லாம் அவன் பெயர்தான். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த தொடர்கதைக்குப் போவார்கள்.

நானும் இந்தத் தொழிலில் இருப்பவன். இந்த ஓவியன் எத்தனை சௌகரியமானவன் என்பது எனக்குத் தெரியும். அவன் என்ன வரைந்தான், எப்படி வரைந்தான் என்று ஒரு வரி எழுத வேண்டியதில்லை. பசியை எழுதினால் போதும், கலை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இந்த ஆசாமியை மனசில் வைத்துக்கொண்டு கே. சி. எஸ். பணிக்கரின் வாழ்க்கையை எடுத்துப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பணிக்கர் சம்பளம் வாங்கினார். மாதா மாதம், சர்க்கார் சம்பளம். 1941-லிருந்து 1967 வரை சென்னை பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் கலைப்பள்ளியில் வாத்தியாராக இருந்தார். அதில் கடைசிப் பத்து வருஷம் பிரின்ஸிபால். மணி அடித்தால் வகுப்பு, மேஜை மேல் இலாகாக் கடிதம், வருஷக் கடைசியில் பட்ஜெட். இவரைக் கதாநாயகனாக வைத்து நாவல் எழுதினால் பிரசுரிக்கப் பத்திரிகை கிடைக்காது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் சென்னையில் நவீன ஓவியம் என்று ஒன்று நடந்தது என்று சொல்ல முடிகிறதே, அதில் பாதிக்கு மேல் இந்தச் சம்பளக்காரரின் காரியம்.

பணிக்கர் 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தார். குடும்பம் மலையாளம். பொன்னானிப் பக்கத்துத் தண்ணீரும் தென்னையும் பச்சையும் சிறுவயசிலேயே அவர் கண்ணில் ஏறிவிட்டன. பையனாக இருக்கும்போதே வர்ணத்தைக் கரைத்து இயற்கைக் காட்சிகள் வரையத் தொடங்கிவிட்டார். பிறகு நம் ஊரில் எல்லாக் குடும்பங்களிலும் நடப்பது நடந்தது. தகப்பனார் காலமானார். படிப்பு நின்றது, பிள்ளை சம்பாதிக்கப் போனான். தந்தி இலாகாவில் கொஞ்ச காலம், இன்ஷூரன்ஸில் கொஞ்ச காலம். 1936-ல்தான் கலைப்பள்ளியில் மாணவனாகச் சேர முடிந்தது. அப்போது வயசு இருபத்தைந்து. மற்றவர்கள் குழந்தைக்குப் பெயர் வைக்கிற வயசில் இவர் பெஞ்சியில் போய் உட்கார்ந்தார்.

அந்த இடைப்பட்ட வருஷங்களைப் பணிக்கரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கென்னவோ அவைதான் முக்கியம் என்று தோன்றுகிறது. தனக்குப் பிடித்த வேலை ஒன்று, வீட்டுக்குச் சோறு போடுகிற வேலை ஒன்று என்று இரண்டு இருப்பதை இருபது வயசிலேயே உடம்பால் அறிந்துகொண்ட மனுஷர் அவர். பின்னால் மாணவர்களுக்காக அவர் செய்த பெரிய காரியத்துக்கு விதை அந்தத் தந்தி ஆபீஸில் விழுந்திருக்க வேண்டும்.

கலைப்பள்ளியில் அவருக்குக் கிடைத்த குரு தேவிபிரசாத் ராய் சௌத்ரி. தொடர்கதைக்காரன் தேடுகிற ஆள் இவர்தான்! வங்காளி, அவனீந்திரநாத் தாகூரிடம் படித்தவர், குஸ்தி போடுவார், வேட்டைக்குப் போவார், புல்லாங்குழல் வாசிப்பார், வங்காளியில் சிறுகதைகூட எழுதுவார். மெரினா கடற்கரையில் நாலு பேர் பாறாங்கல்லைப் புரட்டுகிறார்களே, அந்த உழைப்பாளர் சிலை அவர் செய்தது. 1929-ல் அந்தப் பள்ளிக்குத் தலைவராக வந்தவர் 1957 வரை இருந்தார். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இந்தியர் யாரும் உட்கார்ந்ததில்லை. அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் 1850-ல் கைத்தொழிலை மனசில் வைத்து ஆரம்பித்த பள்ளிக்கூடம் அது. மண்பாண்டம், மரவேலை, உலோகவேலை என்றிருந்த இடத்தில் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் முதல் மரியாதை வாங்கிக் கொடுத்தவர் ராய் சௌத்ரி.

இத்தனை பெரிய ஆகிருதியின் நிழலில் படித்த பையன்கள் சாதாரணமாக என்ன ஆவார்கள்? சின்ன ராய் சௌத்ரிகள் ஆவார்கள். சங்கீதத்தில் பார்க்கிறோமே, குருவின் பிர்க்காவோடு அவருடைய இருமலும் சேர்ந்து சிஷ்யனுக்கு வந்துவிடும். பணிக்கர் குருவின் கைத்திறனை வாங்கிக்கொண்டார், இருமலை வாங்கிக்கொள்ளவில்லை. 1940-ல் படிப்பு முடிந்தது, அடுத்த வருஷமே அங்கேயே வாத்தியார் வேலை. 1944-ல் சில நண்பர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு முற்போக்கு ஓவியர் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார். சென்னையில் ஓவியக் கண்காட்சி என்றால் யார் வருவார்கள் என்று கேட்கிற காலம் அது. இப்போது மட்டும் என்ன வாழ்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

அவருடைய ஆரம்பகாலப் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கால்வாய், தோணி, தென்னந்தோப்பு, ஈரப் பச்சை. கை சுத்தமான கை. நீர்வர்ணத்தைக் காகிதத்தில் விட்டுவிட்டு அது எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தவரின் நிதானம் அவற்றில் இருக்கிறது. ஆனால் இங்கிலீஷ் நீர்வர்ணக்காரர்கள் தங்கள் ஊர் ஓடையை வரைந்த வழியில் இவர் நம் ஊர்க் கால்வாயை வரைந்தார், அவ்வளவுதான். பிறகு மனித உருவங்கள் வந்தன. சமாதானம் செய்பவர்களைப் பற்றிய விவிலிய வாக்கைத் தலைப்பாக வைத்து 1951-ல் அவர் காந்தியை வரைந்த படம் பேர் பெற்றது. நல்ல மனசோடு வரையப்பட்ட படம். நல்ல மனசு படத்தின் முன்பக்கத்துக்கு வந்து நின்றுவிட்டது என்பதுதான் அதைப் பற்றி என் ஆட்சேபம். ஐம்பதுகளின் கடைசியில் ஆரம்பித்த தோட்டப் படங்கள் வேறு சாதி. அவற்றில் இலையும் மனிதரும் ஒரே துடிப்புள்ள தூரிகைக் கோடுகளால் ஆனவர்கள். வான்கோவின் நிழல் விழுந்திருக்கிறது, ஒளிக்கவும் இல்லை. ஆனால் வெயில் நம்முடைய வெயில்.

இதற்கிடையில் 1954-ல் ஐரோப்பாவுக்குப் போய்வந்தார். லண்டனிலும் பாரிஸிலும் அவர் படங்கள் வைக்கப்பட்டன. போய்வந்தவர்கள் இரண்டு விதம். ஒரு விதம் அங்கே பார்த்ததை இங்கே செய்து காட்டுவார்கள். இன்னொரு விதம் அங்கே ஒன்றுமே இல்லை, எல்லாம் அஜந்தாவில் இருக்கிறது என்று சாதிப்பார்கள். பணிக்கர் இரண்டிலும் சேரவில்லை. எண்ணெய் வர்ணமும் கான்வாஸும் சட்டமும் வெளியிலிருந்து வந்தவை. அவற்றை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்தால் அது நம்முடையதாகும் என்ற கேள்வி அவரை விடாமல் பிடித்துக்கொண்டது.

நாவல் எழுதுகிறவனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879-ல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிட்ட நாளிலிருந்து நாங்கள் இரவல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் எழுதுகிறோம். காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் இங்கிலீஷ்காரன் போலிருக்கிறது. நாற்காலியே வேண்டாம் என்று தரையில் இறங்கினால் நாவலே இல்லாமல் போய்விடுகிறது. நாற்காலியிலேயே சம்மணம் போட்டு உட்காரத் தெரிந்தவர்கள் எங்களில் சிலர்தான். ஓவியத்தில் பணிக்கர் அப்படி உட்கார்ந்தது அவருடைய ஐம்பத்திரண்டாவது வயசில். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பள்ளிக்கூடத்தை முடித்துவிட வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே சமயத்தில் ஒரே கட்டிடத்தில் நடந்தன.

1957-ல் பிரின்ஸிபாலாக உட்கார்ந்தவருக்கு முன்னால் வருஷா வருஷம் இருபது வயசுப் பையன்கள் வந்து நின்றார்கள். பெண்களும் சிலர். நாமக்கல் பக்கத்திலிருந்து, திருச்சி ஜில்லாவிலிருந்து, மலையாளத்திலிருந்து, ஆந்திராவிலிருந்து. பெரும்பாலும் காசில்லாத வீடுகள். டிராயிங் மாஸ்டர் யாரோ ‘உனக்குக் கை இருக்கிறது’ என்று சொல்லிவிட்டதால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். ஐந்து, ஆறு வருஷம் படிப்பு. பிறகு? சினிமாக் கம்பெனியில் திரைச்சீலைக்கு வர்ணம் அடிக்கலாம். விளம்பரக் கம்பெனியில் சோப்புக் கட்டி வரையலாம். அதிர்ஷ்டமிருந்தால் எங்காவது பள்ளிக்கூடத்தில் தானும் டிராயிங் மாஸ்டராகி, இன்னொரு பையனிடம் ‘உனக்குக் கை இருக்கிறது’ என்று சொல்லலாம்.

ராய் சௌத்ரியைப் போன்ற சிங்கத்துக்கு இது ஒரு பிரச்சினையாகத் தெரிந்திருக்காது. உண்மைக் கலைஞன் எப்படியாவது பிழைத்துக்கொள்வான் என்று சொல்லியிருப்பார். நம் தொடர்கதைகளும் அதைத்தானே சொல்கின்றன. பசிதான் கலைக்கு எரு என்று நம்புவது சாப்பிட்டுவிட்டுப் படிக்கிறவர்களுக்குச் சுலபம். பணிக்கர் அதை நம்பவில்லை. படம் வரைகிறவன் மூன்று வேளை சாப்பிட வேண்டும், அந்தச் சாப்பாட்டுக்காகப் படத்தைக் கெடுக்கவும் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தார்.

விடை கைத்தொழிலில் கிடைத்தது. அதற்கான இடம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நூறு வருஷமாக இருந்தது. பணிக்கர் காலத்தில் ஓவிய மாணவர்கள் உலோகத்தைத் தட்டுகிறவரிடமும் துணிக்குச் சாயம் போடுகிறவரிடமும் போய் நின்றார்கள். சிற்பி பி. வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி, ஒட்டி, கம்பியால் புருவமும் தாடியும் வைத்துச் செய்த உருவங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோயில் கவசம் செய்கிற ஆசாரியின் பட்டறையும் கலைக்கல்லூரியும் அங்கே கை குலுக்கிக்கொண்டன.

சாப்பாட்டுக்கு வழி காட்டியது பாத்திக் துணி. ஜாவாக்காரர்களின் வித்தை இது. உருக்கிய மெழுகால் துணியில் வரைந்து சாயத்தில் முக்கினால் மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. உலர்த்தி, வேறு இடங்களில் மெழுகு பூசி, அடுத்த சாயம். கடைசியில் வெந்நீரில் போட்டால் மெழுகு கழன்று படம் வெளியே வரும். மெழுகு விரிசல் விட்ட இடங்களில் சாயம் உள்ளே இறங்கி நரம்பு நரம்பாகக் கோடு விழும். அது யார் கைக்கும் அடங்காது. வரையத் தெரிந்தவன் செய்தால் ஒவ்வொரு துணியும் ஒரு தனிப் படம், ஆனாலும் அது தலையில் கட்டுகிற கைக்குட்டை, மேஜை விரிப்பு, சுவரில் தொங்குகிற திரை. வாங்குகிறவன் கலையா இல்லையா என்று விசாரிக்காமல் காசைக் கொடுப்பான். மாணவர்களும் படிப்பு முடித்தவர்களும் வகுப்பு நேரம் போக உட்கார்ந்து பாத்திக் செய்தார்கள். விற்றது. நன்றாகவே விற்றது. விற்ற பணத்தில் ஒரு பங்கு சேர்ந்தது.

சேர்ந்த பணத்தில் 1966-ல் சென்னைக்குத் தெற்கே, மகாபலிபுரம் போகிற வழியில், ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். அந்தக் காலத்தில் அங்கே மணலும் சவுக்கும் கடல்காற்றும்தான். சுமார் முப்பது பேர். அவரவர் வீட்டை அவரவரே பார்த்துக் கட்டிக்கொள்வது, கைத்தொழிலில் சம்பாதிப்பது, மிச்ச நேரத்தில் யாரையும் கேட்காமல் வரைவது என்று ஏற்பாடு. பெயர் சோழமண்டலம். அந்தக் கடற்கரைக்கு வெள்ளைக்காரன் நாக்கில் கோரமண்டலமாகிப் போன பழைய பெயர் அதுதான். சர்க்கார் மானியம் வாங்கிக் கட்டிய காலனி இல்லை அது, ஜமீன்தார் தானமும் இல்லை. கைக்குட்டை விற்ற காசு.

பணிக்கரின் படங்களில் எது சிறந்தது என்று வாதம் செய்யலாம். அவர் செய்த காரியங்களில் எது சிறந்தது என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வேன். தன் சொந்த வாழ்க்கையில் சம்பளத்தை ஒரு கையாலும் தூரிகையை மறு கையாலும் பிடித்துக்கொண்டு இருபத்தைந்து வருஷம் நடந்தவர், சர்க்கார் வேலை கிடைக்காத முப்பது பேருக்கு அதே இரண்டு கைகளைச் செய்துகொடுத்தார். ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் முன்னால் இதைச் செய்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த வயசில் நம்மவர்கள் பிராவிடெண்ட் பண்டைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

குறை இல்லையா? உண்டு. பாத்திக் மோகம் ஒரு காலத்து மோகம்; அலை வடிந்தபோது பலர் வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. ஊரை விட்டு விலகி மணலில் குடியேறிய ஓவியர்களைத் தேடி ஊர் போகவில்லை. மகாபலிபுரம் போகிற கார்கள் ஞாயிற்றுக்கிழமை வழியில் நின்றன. அவர்கள் 1961-லிருந்து நடத்திய ‘ஆர்ட்டிரெண்ட்ஸ்’ பத்திரிகை இங்கிலீஷில் வந்தது. பக்கத்துத் தெருவில் கதை எழுதிக்கொண்டிருந்த தமிழ் எழுத்தாளனுக்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. எழுத்தாளன் என்ன எழுதுகிறான் என்று அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் தெரியாது. எல்லாத் தப்பையும் ஓவியர்கள் மேல் போட நான் தயாராக இல்லை. எங்கள் பத்திரிகைகளுக்குப் பெண்ணின் முகம் வழுவழுப்பாக இருந்தால் போதுமானதாக இருந்தது.

இனி அந்த ஐம்பத்திரண்டாவது வயசு. 1963-ல் பணிக்கரின் கான்வாஸில் எழுத்துக்கள் வந்தன. ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப்புத்தகப் பக்கம், எண்ணும் குறியும் கோடுமாக அவர் கண்ணில் பட்டதிலிருந்து அது தொடங்கியது என்பார்கள். வாத்தியாருக்குத்தான் இந்தப் பாக்கியம் வரும்! உலகத்தில் எத்தனையோ வாத்தியார்கள் எத்தனையோ நோட்டுப்புத்தகங்களைத் திருத்திச் சிவப்பு மசியால் கோடு போட்டுவிட்டு மூடியிருக்கிறார்கள். இவர் பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். விடை சரியா தப்பா என்பது மறைந்து, பக்கம் மட்டும் மிச்சமிருந்திருக்கும்.

முதலில் இங்கிலீஷ் எழுத்தும் எண்களும் அல்ஜீப்ராக் குறிகளும். சீக்கிரமே மலையாள எழுத்தின் வளைவுகள். வெளிறிய மஞ்சளிலோ சாம்பலிலோ பழுப்பிலோ தரையைப் பூசிக்கொண்டு, அதன் மேல் வரிவரியாக, பொடிப்பொடியாக, ஓலைச்சுவடியில் எழுத்தாணி ஓடிய மாதிரி எழுதிக்கொண்டு போகிறார். நடுநடுவே ஜாதகக் கட்டம், குறுக்குக் கோடு, முக்கோணம், பட்டியல். ஓரத்தில் ஒரு மீன், ஒரு பறவை, ஒரு பாம்பு. ‘சொற்களும் குறிகளும்’ என்று இந்த வரிசைக்குப் பெயர். சாகும் வரையில் இதையே விதவிதமாக வரைந்துகொண்டிருந்தார்.

படத்தின் முன்னால் போய் நிற்கிறவர் முதலில் செய்கிற காரியம் படிக்க முயற்சி செய்வது. படிக்க முடியாது. மலையாளம் தெரிந்தவராலும் முடியாது. எழுத்துப் போலிருக்கும், எழுத்தில்லை. மலையாளிக்கு அவஸ்தை அதிகம், ஒவ்வொரு வளைவும் தெரிந்த முகமாக இருந்துகொண்டு பெயர் சொல்ல மறுக்கும். நமக்குக் கொஞ்சம் தேவலை, பாதிதான் சொந்தம். ஓரிரண்டு எழுத்து நம் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கும், அழைத்தால் திரும்பிப் பார்க்காது. இரண்டு மூன்று நிமிஷம் இப்படித் தவித்துவிட்டுச் சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். ‘ஜோசியரைக் கூப்பிட வேண்டும்’ என்று ஹாஸ்யம் செய்வதும் உண்டு.

போகாமல் நின்றவர்களுக்கு ஒன்று நடக்கிறது. நாலு வயசில் பலகையில் யாரோ ‘அ’ போட்டுக் காட்டினார்களே, அதற்கு முந்தின நாள் வரையில் அது எழுத்தில்லை. ஒரு சுழி, ஒரு வயிறு, ஒரு கோடு. மறுநாள் அது அம்மாவாகவும் அணிலாகவும் ஆகிவிட்டது. அதற்கப்புறம் நாம் யாரும் அந்தச் சுழியைப் பார்க்கவே இல்லை, அதன் வழியாக வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறோம். என்னைப் போல் எழுதிப் பிழைக்கிறவன் நிலைமை இன்னும் மோசம். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் எழுத்துக்களைப் போடுகிறேன், ஒன்றின் முகத்தையாவது பார்த்திருப்பேனா? பணிக்கர் அர்த்தத்தை உருவி எடுத்துவிட்டு எழுத்தைத் திரும்பக் கொடுக்கிறார். அர்த்தம் போனபின் வரிகள் எறும்புச் சாரி மாதிரி, நாற்று நட்ட வயல் மாதிரி, மழை மாதிரி ஊர்கின்றன. பாட்டி ஸ்ரீராமஜெயம் எழுதி நிரப்பிய நோட்டுப்புத்தகத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் இருக்கும் அமைதி அந்தக் கான்வாஸில் இருக்கிறது.

தாம் தேடின பதில் இதில் அவருக்குக் கிடைத்தது என்பது என் அபிப்பிராயம். புராணக் காட்சி வரைந்து இந்தியத்தனம் காட்டவில்லை. கோயில் சிற்பத்தைக் கான்வாஸில் நகல் எடுக்கவில்லை. கணக்குப்பிள்ளை ஏடும் பஞ்சாங்கமும் ஜாதகமும் நம் வீட்டு அலமாரியில் இருப்பவை. கலை என்று அவற்றை யாரும் நினைத்ததில்லை. ஆழம், நிழல், தூரத்தில் சின்னதாகிற மரம் என்று ஐரோப்பா சொல்லிக்கொடுத்ததெல்லாம் இங்கே இல்லை. எல்லாம் ஒரே தளத்தில், கோலம் தரையில் கிடப்பதுபோல் கிடக்கின்றன. ஆனால் கான்வாஸும் வர்ணமும் சட்டமும் அதேதான். நாற்காலியில் சம்மணம்.

எல்லாப் படமும் இந்த உயரத்தில் நிற்கிறது என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் எழுத்து வெறும் வேலைப்பாடாகி, நல்ல சேலையின் கரை மாதிரி அழகாக இருந்துவிட்டுச் சும்மா இருக்கிறது. ஜாதகக் கட்டத்தையும் பாம்பையும் பார்த்ததும் இந்தியாவின் ரகசியம் என்று தலையாட்டுகிற வெளிநாட்டு ரசிகர்கள் எப்போதும் உண்டு. அவர்களுக்கு இதில் தேவைக்கு அதிகமாகவே தீனி கிடைக்கிறது. ஆனால் 1970-களில் அவர் வரைந்த ‘நாய்’, ‘நதி’ மாதிரியான படங்களில் கை மறுபடியும் தளர்ந்து, குறிகள் நெருக்கம் விட்டு, வெற்றிடத்துக்கும் பேச இடம் கொடுத்திருக்கிறார். அறுபது தாண்டியவர் தம் சொந்த வழக்கத்தையே கலைக்கப் பார்த்தார். 1977 ஜனவரியில் சென்னையில் காலமானார். அவருடைய படங்களுக்கென்று திருவனந்தபுரம் மியூசியத் தோட்டத்தில் ஒரு கூடம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் மிருகக்காட்சி சாலையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாமல் இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

வாத்தியாரைப் பற்றி ஒரு பரீட்சை பாக்கி இருக்கிறது. மாணவர்கள் அவரை மாதிரி வரைந்தார்களா? சுற்றி எழுத்துக்களும் எந்திரங்களும் கொஞ்ச காலம் பலர் கான்வாஸில் தொற்றிக்கொண்டது நிஜம். ஆனால் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். சந்தானராஜ், முனுசாமி, ரெட்டப்ப நாயுடு, விஸ்வநாதன், வாசுதேவ், அர்னவாஸ், ஹரிதாசன், ஜெயபால பணிக்கர், ஆர். பி. பாஸ்கரன். இவர்களில் யார் படத்தையும் இன்னொருவர் படம் என்று நினைக்க முடியாது. பணிக்கரின் பிள்ளை நந்தகோபால்கூட ஓவியத்தை விட்டு உலோகத்துக்குப் போய்த் தன் வழியைத் தேடிக்கொண்டார். ஒரே ஒரு பொதுக்குணம் உண்டு, கோடு. நிழலடித்து உருவத்தை உப்ப வைப்பதைவிட ஒரு கோட்டை இழுத்து அதை நம்புவது இவர்கள் எல்லோருக்கும் வழக்கமாயிற்று.

அந்தக் கோடு கடைசியில் நம் பத்திரிகைக்குள்ளும் வந்தது. கே. எம். ஆதிமூலம், துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூர்க்காரர், 1966-ல் கலைக்கல்லூரியில் படிப்பை முடித்தவர். வாத்தியாரைப் போலவே இவரும் சம்பளம் வாங்கினார், நெசவாளர் சேவை மையத்தில். காந்தி நூற்றாண்டான 1969-ல் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். தமிழ்ச் சிற்றேடுகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் வரைந்துகொடுத்தார். பின்னால் கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்து ‘ஜூனியர் விகட’னில் வந்தபோது பக்கத்தில் ஆதிமூலத்தின் படங்கள் வந்தன. முண்டாசும் மீசையும் வெயிலில் வெடித்த நிலம் மாதிரி முகமுமாகச் சம்சாரிகள் கறுப்பு மசிக் கோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வழுவழுப்பான முகங்களுக்குப் பழகிப்போன வாசகர்கள் முதல் வாரம் என்ன சொன்னார்களோ தெரியாது. நாலாவது வாரம் கதையைப் படிப்பதற்கு முன்னால் படத்தைத்தான் பார்த்தார்கள்.